சிறுத்தைப் பல்லிக் குட்டி ஏன் சாப்பிட மாட்டேங்குது? விடை உப்பு மலையில் இருக்கிறது

லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லியைப் புதிதாக வாங்கி வளர்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "குட்டி எதையும் தொட மாட்டேங்குது, செத்துப் போயிடுமா?" இதற்கான பதிலை அந்தப் பல்லியின் பூர்வீகத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

எட்வர்ட் பிளைத் 1841 முதல் கல்கத்தாவில் வங்காள ஏசியாட்டிக் சொசைட்டியின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்தவர். இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் உப்பு மலைத்தொடரின் பல்லி ஒன்றை 1854-இல் விவரித்து, 'மாகுலேரியஸ்', அதாவது புள்ளிகள் உள்ளது என்று பெயர் வைத்தார். வேடிக்கை என்னவென்றால், குட்டிகளுக்குப் புள்ளி கிடையாது. பட்டை பட்டையாகத்தான் இருக்கும். வளர வளரத்தான் பட்டை உடைந்து புள்ளியாகிறது. இன்று இது இடம்பெறும் 'யூப்ளெஃபாரிஸ்' பேரினத்துக்கு 1827-இலேயே பெயர் கொடுத்தவர் ஜான் எட்வர்ட் கிரே. நல்ல இமை உடையது என்று பொருள். நம்ம வீட்டுப் பல்லிக்கு இமைக்கத் தெரியாது, இதற்குத் தெரியும். ஆனால் விரல்களில் ஒட்டும் தகடுகள் இல்லாததால் சுவர் ஏற வராது. முழுக்கத் தரையில் வாழும் பிராணி.

அந்தத் தரை எப்படிப்பட்டது? வறண்ட பாறை நிலம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், குளிர்காலத்தில் நடுங்க வைக்கும். பகலெல்லாம் பாறை இடுக்கில் பதுங்கி, பொழுது சாய்ந்த பிறகு வேட்டைக்கு வரும். குளிர் மாதங்களில் இரையே இல்லாமல் முடங்கிக் கிடக்கும். அப்போது கைகொடுப்பது தடித்த வாலில் சேர்த்து வைத்த கொழுப்பு. வால்தான் அதன் குதிர்.

1970-கள் தொடங்கி அமெரிக்காவில் இவற்றைப் பெட்டிகளில் இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள். விதவிதமான நிறங்கள் வந்துவிட்டன. சுபாவம் மட்டும் மாறவில்லை. புது இடம் என்றால் அதற்கு ஆபத்து. முதலில் ஒளிவிடம், அப்புறம்தான் சாப்பாடு.

ஆகவே முதல் வாரம் கையில் எடுக்காதீங்க. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு ஒளிவிடங்கள் வையுங்க. சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி இருக்கட்டும். அந்தச் சூடு இல்லாவிட்டால் தின்றதும் செரிக்காது. இருட்டும் நேரத்தில், கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடச் சிறிய சுவர்க்கோழிகள் இரண்டு மூன்றை, கால்சியம் தூள் தடவி விடுங்க. இரை அசைய வேண்டும். அசைவதைப் பார்த்துத்தான் பாயும். தின்னாமல் மிச்சம் விட்டதை எடுத்துவிடுங்க. ராத்திரியில் சுவர்க்கோழி குட்டியையே கடிக்கும். வாயைப் பிளந்து ஊட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், அது பயத்தைக் கூட்டும்.

ஒரு எச்சரிக்கை. வளர்ந்த பல்லி வாரக்கணக்கில் தாங்கும். குட்டியின் குதிர் சின்னது. பிறக்கும்போது அதன் எடையே 3 கிராம் அளவுதான். அதனால் கிராம் காட்டும் தராசில் வாரம் இருமுறை எடை பாருங்க, பாத்திரத்தோடு வைத்தால் கையில் பிடிக்க வேண்டியதில்லை. எடை நிலையாக, வால் தடிப்பாக இருந்தால் காத்திருக்கலாம். எடை இறங்கி, வாலும் மெலிந்தால் அது பயமில்லை, நோய். 'கிரிப்டோஸ்போரிடியம்' என்ற குடல் ஒட்டுண்ணி வாலைக் குச்சியாக்கிவிடும். அப்போது எச்சத்தையும் எடுத்துக்கொண்டு, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

பொறுமை எதுவரை என்பதைக் குட்டியின் வாலைப் பார்த்து முடிவு செய்யுங்க, நம்முடைய பதற்றத்தைப் பார்த்து அல்ல.