கான்பரன்ஸ் பருவம்: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கால்பந்தின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மகளிர் கால்பந்துப் பருவம் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி டிசம்பர் முதல் பாதியில் முடிவடைகிறது. முதல் சில வாரங்கள் ஒவ்வோர் அணியும் தான் விரும்பிய எதிரணிகளோடு ஆடும். புதிதாகச் சேர்ந்த மாணவியரைக் களத்தில் இறக்கிப் பார்ப்பதும், ஆட்டக்காரர்களை இடம் மாற்றிப் பார்ப்பதும் அப்போதுதான். செப்டம்பர் நடுவில் நிலைமை மாறுகிறது. தான் உறுப்பு வகிக்கும் கல்லூரிக் கூட்டமைப்பின் மற்ற அணிகளோடு ஆடும் கட்டம் அப்போது தொடங்குகிறது. இக்கூட்டமைப்பைக் 'கான்பரன்ஸ்' என்றும், இந்தக் கட்டத்தைக் 'கான்பரன்ஸ் பருவம்' என்றும் அழைப்பர். அதற்கென்று தனிப் புள்ளிப்பட்டியல் உண்டு. அதுவரை எல்லா ஆட்டங்களையும் வென்ற அணியும் எல்லாவற்றிலும் தோற்ற அணியும் அந்தப் பட்டியலில் சுழியத்திலிருந்தே தொடங்கும்.

அமெரிக்காவில் 'ஃபுட்பால்' என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு ஆட்டம். நாம் கால்பந்து என்று சொல்வதை அங்கு 'சாக்கர்' என்பார்கள். இக்கட்டுரையில் கால்பந்து என்று வருமிடமெல்லாம் சாக்கரையே குறிக்கும்.

கான்பரன்ஸ் என்ற ஏற்பாடு மகளிர் கால்பந்தைவிட மிகப் பழையது. கிழக்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்களின் அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ் (சுருக்கமாக ஏ.சி.சி.) 1953ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரில் உருவானது. ஆண்களின் ஃபுட்பால், கூடைப்பந்து ஆகியவற்றை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட அமைப்பு அது. பெண்கள் கால்பந்து ஆடுவார்கள் என்று அன்று யாரும் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. அந்த அமைப்புக்குள் மகளிர் கால்பந்து எப்படி நுழைந்தது என்பதைப் பார்த்தால், ஒரு விளையாட்டு எப்படி வேரூன்றுகிறது என்பது விளங்கும்.

முப்பத்தேழு சொற்கள்

1972ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கல்வித் திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் ஒன்பதாம் தலைப்பு 'டைட்டில் நைன்' எனப் பெயர் பெற்றது. நடுவணரசின் நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் அடிப்படையில் யாரையும் விலக்கக் கூடாது என்பதே அதன் சாரம். மூலத்தில் முதன்மை வாக்கியம் முப்பத்தேழு சொற்கள்தான். அதில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை.

இச்சட்டத்துக்காக உழைத்தவர்களில் ஒரேகான் மாநில உறுப்பினர் எடித் கிரீனும், ஹவாய் மாநில உறுப்பினர் பாட்சி மிங்க்கும், செனட்டர் பர்ச் பையும் முதன்மையானவர்கள். மிங்க் மருத்துவராக விரும்பியவர். மருத்துவக் கல்லூரிகள் இடம் தர மறுத்துவிட்டதால் சட்டம் படித்து அரசியலுக்கு வந்தார். அவர் 2002இல் மறைந்த பின் இச்சட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கல்லூரிச் சேர்க்கையும் ஆசிரியப் பணியிடங்களுமே இவர்களுடைய கவலையாக இருந்தன. சட்டம் விளையாட்டுத் திடலுக்கும் பொருந்தும் என்பது வெளிப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்கு வேண்டும் என்று 1974இல் செனட்டர் ஜான் டவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறவில்லை. 1975இல் விதிமுறைகள் வெளியாயின. கல்லூரிகளுக்கு 1978 வரை அவகாசம் தரப்பட்டது.

கால்பந்து இதில் பயனடைந்தமைக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஃபுட்பால் அணி மிகப் பெரியது. பெரிய பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் அணிக்கு உதவித்தொகை பெறும் வீரர்களின் உச்ச வரம்பு பிற்காலத்தில் 85 என நின்றது. இதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடம் காட்டியாக வேண்டும் என்றால் இரண்டு மூன்று பேர் ஆடும் ஆட்டங்கள் போதா. இருபது முப்பது மாணவியரைச் சேர்த்துக்கொள்ளும், செலவும் மிகாத ஆட்டம் வேண்டும். ஒரு திடல், இரு கம்பங்கள், ஒரு பந்து என்ற அளவில் கால்பந்து அதற்குப் பொருந்தியது. கொள்கைப் பற்றைவிடக் கணக்குப் பார்த்தே பல கல்லூரிகள் மகளிர் கால்பந்தைத் தொடங்கின என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சேப்பல் ஹில்

வட கரோலினாப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள சேப்பல் ஹில் என்னும் ஊரில் மாணவியர் தாங்களாகவே ஒரு கால்பந்துக் கழகம் நடத்தி வந்தனர். தங்களைப் பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக ஏற்க வேண்டும் என்று அவர்கள் கோரிக்கை வைத்தனர். விளையாட்டுத் துறைத் தலைவர் பில் கோபி, ஆண்கள் அணியின் இளம் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸை அழைத்து அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்துவரச் சொன்னார். 1979இல் அணி தொடங்கியது. இரண்டு அணிகளையும் டோரன்ஸே பார்த்துக்கொண்டார்.

டோரன்ஸ் 1951இல் நம் பம்பாயில் பிறந்தவர். எண்ணெய் நிறுவன அலுவலரான தந்தையோடு கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் எனப் பல நாடுகளில் வளர்ந்தவர். பயிற்சியாளராகச் சேர்ந்த நாட்களில் சட்டமும் படித்துக்கொண்டிருந்தார்; பின் அதை விட்டுவிட்டார்.

அணி இருந்தது, எதிரணி இல்லை. முதல் பருவத்தில் ஊர்க் கழகங்களோடும் உயர்நிலைப் பள்ளி அணிகளோடும்கூட ஆட வேண்டியிருந்தது. கான்பரன்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனெனில் ஏ.சி.சி.யின் மற்றப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மகளிர் கால்பந்து அணியே கிடையாது. நாடு முழுதும் எண்ணினாலும் அணிகளின் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை.

அக்காலத்தில் கல்லூரிப் பெண்களின் விளையாட்டை நடத்தியது 1971இல் பெண்களே அமைத்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்னும் தனிச் சங்கம். கால்பந்துக்குத் தேசியப் போட்டி வேண்டும் என்று டோரன்ஸ் முதலியோர் அதனிடம் வேண்டினர். 1981இல் சேப்பல் ஹில்லில் அப்போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் வட கரோலினா, மத்திய புளோரிடாவை 1-0 என வென்றது. அந்தச் சங்கம் நடத்திய கால்பந்துப் போட்டி அது ஒன்றுதான். டைட்டில் நைனை முன்பு எதிர்த்து வந்த ஆண்கள் சங்கமான என்.சி.ஏ.ஏ., இப்போது பெண்களுக்கும் போட்டிகள் நடத்த முன்வந்தது. பணமும் தொலைக்காட்சியும் அதன் பக்கம் இருந்தன. ஏ.ஐ.ஏ.டபிள்யூ. வழக்குத் தொடுத்தும் தோற்றுக் கலைந்தது. 1982 முதல் என்.சி.ஏ.ஏ. பட்டம், அதையும் வட கரோலினாவே, அதே மத்திய புளோரிடாவை 2-0 என வீழ்த்தி வென்றது.

இதில் ஓர் இழப்பும் உண்டு. 1972க்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். ஊதியமும் மதிப்பும் கூடியபின் ஆண்கள் அப்பணிகளுக்கு வந்தனர். பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. பெண்கள் ஆடும் இடம் பெற்றார்கள், ஆனால் ஆட்டத்தை நடத்தும் இடத்தைப் பெருமளவு இழந்தார்கள். மகளிர் கால்பந்தின் மிகப் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஓர் ஆண் என்பதும் இந்தப் போக்கின் ஒரு பகுதியே.

அண்டை வீட்டார்

1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் வட கரோலினாவே தேசியப் பட்டம் வென்றது. பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு போட்டியையும் எண்ணாகக் குறித்து, யார் எத்தனையாம் இடம் என்று பட்டியலிட்டு ஒட்டுவது டோரன்ஸின் முறை. அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் பார்த்துக் கற்றது அது. 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் பயிற்சியாளரும் அவரே. குவாங்சோ நகரில் நடந்த இறுதியாட்டத்தில் நார்வேயை 2-1 என வென்ற அந்த அணியின் தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி ஆகியோர் சேப்பல் ஹில்லில் ஆடியவர்கள். இரண்டு கோல்களையும் அடித்த மிஷேல் ஏக்கர்ஸ் மட்டும் மத்திய புளோரிடாவின் மாணவி. முதல் இரு தேசிய இறுதிகளிலும் தோற்ற அணி அது என்பது நினைவிருக்கலாம்.

ஆனால் ஓர் அணியே எப்போதும் வெல்வது அந்த அணிக்குப் பெருமை. விளையாட்டுக்கு அது வளர்ச்சி ஆகாது. வளர்ச்சி நேர்ந்தது அண்டை ஊர்களில்தான். 1987இல் ஏ.சி.சி. மகளிர் கால்பந்துக்குக் கான்பரன்ஸ் ஆட்டங்களைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பருவ முடிவில் கோப்பைப் போட்டியும் வந்தது. வெல்ல முடியாத வட கரோலினாதான் முதல் கோப்பையையும் எடுக்கும் என்றே எவரும் நினைத்திருப்பர். நடந்தது வேறு. நாற்பது கிலோமீட்டர் தொலைவில் ராலே நகரில் உள்ள வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் (என்.சி. ஸ்டேட்) பெனால்டி உதைகளில் அவர்களை வென்று 1988ஆம் ஆண்டின் கோப்பையைத் தட்டிச் சென்றது. சில வாரங்களில் அதே இரு அணிகள் தேசிய இறுதியில் மீண்டும் சந்தித்தன. இம்முறை சேப்பல் ஹில் 4-1 என வென்றது.

டியூக் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சுவையானது. டர்ஹம் நகரிலுள்ள டியூக், சேப்பல் ஹில்லுக்கு மிக அருகில். பேருந்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. அங்கே 1988இல்தான் மகளிர் கால்பந்து தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1992இல், அந்த அணி தேசிய இறுதிக்கு வந்துவிட்டது. இறுதியில் வட கரோலினாவிடம் 9-1 என்று தோற்றது. தேசிய இறுதியாட்டத்தில் அப்படித் தோற்ற ஓர் அணி மனம் தளர்ந்துபோனாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கான்பரன்ஸில் இருக்கும் அணிக்கு அதற்கு வழியில்லை. அடுத்த செப்டம்பரில் அட்டவணையில் அதே பெயர் இருக்கும். 1994 அக்டோபரில் சேப்பல் ஹில் அணி நூறு ஆட்டங்களுக்கு மேலாகத் தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்தது. கான்பரன்ஸ் ஆட்டம் ஒன்றில் அதை 3-2 என வீழ்த்தி அந்தத் தொடரை முடித்தது டியூக்.

பின்னர் அணிகள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. கிளெம்சனும் வேக் ஃபாரஸ்டும் 1994இல், புளோரிடா ஸ்டேட் 1995இல் அணி தொடங்கின. புளோரிடா ஸ்டேட் 2014, 2018, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றது. வலிமை மிக்க நாட்டர் டேம் 2013இல் ஏ.சி.சி.க்கு வந்தது. 2012இல் வட கரோலினா தேசியப் பட்டம் வென்ற பருவத்தில் ஐந்து ஆட்டங்களில் தோற்றிருந்தது. தோல்வியே இல்லாத பருவங்களில் பெற்ற பட்டங்களைவிட இது குறைந்தது என்று சொல்வதற்கில்லை. எதிரணிகளின் தரத்தை அந்த ஐந்து தோல்விகளே காட்டுகின்றன.

இந்த வரலாற்றின் ஒரு கசப்பான பக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். டோரன்ஸ் தங்களிடம் பாலியல் சார்ந்து தகாத முறையில் பேசினார் என்று முன்னாள் வீராங்கனைகள் இருவர் 1998இல் வழக்குத் தொடுத்தனர். அவர் தாம் துன்புறுத்தவில்லை என மறுத்தார். ஒருவருடைய வழக்கு 2004இலும் மற்றவருடையது 2008இலும் சமரசத்தில் முடிந்தன. பல்கலைக்கழகம் தன் விதிமுறைகளை மறுஆய்வு செய்ய ஒப்புக்கொண்டது. பெண்களுக்குச் சமவாய்ப்புத் தரவென்று வந்த டைட்டில் நைன் சட்டமே இவ்வழக்கின் அடிப்படைகளில் ஒன்றாக இருந்தது.

இன்றைய நடைமுறை

வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. முன்பு சமனில் நின்றால் கூடுதல் நேரம் ஆடி, முதல் கோல் விழுந்ததும் ஆட்டத்தை முடிப்பர். 2022 முதல் வழக்கமான பருவ ஆட்டங்களில் கூடுதல் நேரம் நீக்கப்பட்டது. திடலிலுள்ள கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து கீழிறங்கிச் சுழியத்தைத் தொடும். வெளியே சென்ற ஆட்டக்காரர் வரையறைக்குட்பட்டு மீண்டும் உள்ளே வரலாம். உலகின் பிற பகுதிகளில் கால்பந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இவை வேடிக்கையாகத் தோன்றும். வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள், பெரும்பாலும் வியாழனும் ஞாயிறும். இடையில் வகுப்புகளும் தேர்வுகளும் வழக்கம்போல் நடக்கும்.

என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவின் தேசியப் போட்டியில் 64 அணிகளுக்கு இடம். ஒவ்வொரு கான்பரன்ஸின் வாகையருக்கும் ஓர் இடம் உறுதி. எஞ்சியவற்றை ஒரு குழு தேர்ந்தெடுக்கும். முதல் பிரிவில் மட்டும் இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. ஆகவே சிறிய கான்பரன்ஸ் ஒன்றில் ஆடும் கல்லூரிக்குக் கான்பரன்ஸ் பட்டமே தேசியப் போட்டிக்கான ஒரே வாசல். ஏ.சி.சி. போன்ற பெரிய கான்பரன்ஸிலோ, வலிய அணிகளோடு மோதிச் சில ஆட்டங்களில் தோற்றாலும் குழுவின் கண்ணில் மதிப்பு இருக்கும்.

2024இல் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. ஃபுட்பால் ஒளிபரப்பு வருமானத்தை நாடிப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பு மாறியதில் மேற்குக் கடற்கரையின் பழைய கான்பரன்ஸ் சிதறியது. ஸ்டான்ஃபோர்டும் கலிபோர்னியாவும் அட்லாண்டிக் பெயர் தாங்கிய ஏ.சி.சி.யில் சேர்ந்தன, டெக்சஸ் மாநிலத்தின் எஸ்.எம்.யூ.வும் வந்தது. மகளிர் கால்பந்து அணிகள் 17 ஆயின. ஸ்டான்ஃபோர்டுக்கும் பாஸ்டன் கல்லூரிக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேர வேறுபாடு. டர்ஹமுக்கும் சேப்பல் ஹில்லுக்கும் இடையிலான பேருந்துப் பயணத்தில் வளர்ந்த போட்டிமுறை இவ்வளவு தூரத்தைத் தாங்குமா என்ற கேள்வி எழுவது இயல்பே. மகளிர் கால்பந்து அணிகள் கேட்டுப் பெற்ற மாற்றமன்று இது. பயணக் களைப்பு மட்டும் அவர்களுக்கும் சேர்த்தே.

அதே ஆண்டு ஆகஸ்டில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, டோரன்ஸ் ஓய்வு பெற்றார். அவர் அணி வென்ற தேசியப் பட்டங்கள் 22. அவற்றில் ஒன்று 1981ஆம் ஆண்டின் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. பட்டம். துணைப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார். டிசம்பரில் வட கரோலினாவின் கேரி நகரில் நடந்த தேசிய அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் ஏ.சி.சி. அணிகளே: வட கரோலினா, டியூக், வேக் ஃபாரஸ்ட், புதிதாய் வந்த ஸ்டான்ஃபோர்டு. வட கரோலினா அரையிறுதியில் டியூக்கை 3-0 என்றும், இறுதியில் வேக் ஃபாரஸ்டை 1-0 என்றும் வென்றது.