அச்சுப் பாடநூலிலிருந்து இணையத்திரை வரை: கண்டிப் பிரதேசத்தில் கற்பித்தல் வடிவமைப்பின் வரலாறு

எதனைக் கற்பிப்பது, எந்த ஒழுங்கில் கற்பிப்பது, கற்றதை எவ்வாறு அறிவது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே திட்டமிடும் துறையே கற்பித்தல் வடிவமைப்பு ஆகும். அமெரிக்க உளவியலாளர் றொபேட் காக்னே கற்றலின் நிபந்தனைகளை 1965இல் நூலாக வகுத்தளித்ததும், 1975இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அந்நாட்டு இராணுவப் பயிற்சிக்காகப் பகுப்பாய்வு முதல் மதிப்பீடு வரையான படிமுறையை உருவாக்கியதும் இத்துறையின் தொடக்ககால மைல்கற்களாகும். இலங்கையில் இச்சிந்தனை வேரூன்றியது கணினியின் துணையோடு அன்று, தொலைக்கல்விக்கான அச்சுப் பாடநூல்களின் வழியாகவே என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத செய்தியாகும்.

இலங்கைத் தொலைக்கல்வி நிறுவகம் 1976இல் தொடங்கியது. 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அந்நிறுவகமும் அதனுள் உள்வாங்கப்பட்டது. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் அமைந்தமையால், பேராதனை–கம்பளை வீதியில் உள்ள கெலிஓயா போன்ற சிறுநகர்களின் ஆசிரியர்கள், பணியை விடாமலே மேற்படிப்பைத் தொடர வழி பிறந்தது. விரிவுரையாளர் அருகில் இல்லாத நிலையில் நூலே ஆசிரியராக வேண்டியிருந்தது. ஆதலால் ஒவ்வோர் அலகும் கற்றல் நோக்கங்களுடன் தொடங்கியது. இடையிடையே வாசகர் எழுதிப் பார்க்கும் செயற்பாடுகளும், இறுதியில் தம்மைத் தாமே சோதிக்கும் வினாக்களும் சேர்க்கப்பட்டன. உண்மையில் இது, காக்னே கூறிய வழிகாட்டல், பயிற்சி, பின்னூட்டல் என்பவற்றைத் தாளில் நிகழ்த்தும் முயற்சியே.

பாடசாலைகளை இச்சிந்தனை எட்டியது 2007ஆம் ஆண்டின் பாடத்திட்டச் சீர்திருத்தத்துடனாகும். தேசிய கல்வி நிறுவகம், அமெரிக்க உயிரியல் பாடத்திட்டக் குழுவொன்று 1980களில் உருவாக்கிய ஐந்து கட்ட மாதிரியைத் தழுவி, தேர்ச்சி மட்டங்களை மையப்படுத்திய ஆசிரியர் வழிகாட்டிகளை வெளியிட்டது. ஈடுபடுத்தல், கண்டாய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் கட்டங்களின்படி நீர் மாசடைதல் பற்றிய பாடமொன்றை எடுத்துக்கொண்டால், வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னரே மாணவர் குழுக்கள் மகாவலிக் கரையோரப் படங்களை ஆராய்ந்து தமது கண்டறிதல்களை முன்வைக்க வேண்டும். மாதிரி நல்லதே; ஆயினும் நாற்பது நிமிடப் பாடவேளையும் பரீட்சையின் அழுத்தமும் அதற்கு இடமளித்தன என்று கூறுவது கடினம்.

கணினிகளின் வருகை வேறு பாதையில் நிகழ்ந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் நடந்த இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டம் கணினிக் கற்றல் நிலையங்களை அமைத்தது. 2003இல் தொலைக்கல்வி நவீனமயமாக்கல் திட்டமும் தொடங்கியது. கருவிகள் வந்த வேகத்தில் அவற்றுக்கான பாட வடிவமைப்பு வரவில்லை. ஊடகம் மட்டும் கற்றலை மேம்படுத்தாது, கற்பித்தல் முறையே அதனைத் தீர்மானிக்கிறது என்று றிச்சர்ட் கிளார்க் 1983இல் முன்வைத்த வாதம் இங்கு நினைக்கத்தக்கது. பலரால் மறுக்கப்பட்ட போதிலும், இலங்கை அனுபவத்திற்கு அது பெரிதும் பொருந்துகிறது.

கருவிகளுக்கும் பாட வடிவமைப்புக்கும் இடையிலான இவ்விடைவெளியை உள்நாட்டு ஆய்வுப்பொருளாக மாற்றியவர்களில் ஷிரோனிக்கா கருணாநாயக்க குறிப்பிடத்தக்கவர். திறந்த பல்கலைக்கழகத்தில் சோம் நாயுடு முதலானோருடன் இணைந்து, மெய்யான தொழில்சார் சூழ்நிலையொன்றைப் பிரச்சினையாக முன்வைத்து, அதற்குத் தீர்வு காணும் போக்கிலேயே கற்கச் செய்யும் முறையை அவர் ஆராய்ந்தார். பின்னர் பல மாகாணங்களின் நிலையங்களில் பயின்ற ஆசிரிய மாணவரிடையே, எவரும் இலவசமாகப் பயன்படுத்தித் திருத்தியமைக்கக்கூடிய திறந்த கல்வி வளங்கள் பற்றிய ஆய்வு நடைபெற்றது. வளங்களை வெறுமனே நுகர்ந்தவர்கள் படிப்படியாக அவற்றை மாற்றியமைப்பவர்களாக ஆனதை அது காட்டியது. எனினும், கிடைத்த வளங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே இருந்தமை தமிழ், சிங்கள மொழிமூல ஆசிரியர்களுக்குச் சுமையாயிற்று.

2020 மார்ச்சில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, லேர்ன் எனும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகங்கள் இணைய விரிவுரைகளை விரைந்து தொடங்கின. பாடசாலை மாணவருக்கோ தொலைக்காட்சிப் பாடங்களும் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களுமே பெரும்பாலும் எட்டின. அவசரத்தில் அனுப்பப்பட்ட குறிப்புகளின் ஒளிப்படங்களைத் தொழினுட்பம் சார்ந்த கற்றல் என்று அழைப்பது பொருந்தாது.

இதுவரையான ஆய்வுகள் ஆசிரியர்களையும் பல்கலைக்கழக மாணவரையுமே பெரும்பாலும் நோக்கின. கெலிஓயாவையும் அதன் சுற்றுப்புறத் தோட்டங்களையும் சேர்ந்த தமிழ்மொழிமூலப் பிள்ளைகள் திரையிலிருந்து எவ்வாறு கற்கின்றனர் என்பதை, அருகிலேயே இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகமும் பொல்கொல்லை நிலையமும் இணைந்து நீண்டகால நோக்கில் ஆராய முன்வர வேண்டும்.