நிலத்துக்கு ஊட்டும் மஞ்சட் பூ

ஆனையிறவு என்றவுடன் உப்பளமும் கடனீரேரியுமே நினைவில் எழும். யானைகள் கடந்து சென்ற துறையாதலின் அப்பெயர் வந்தது என்பர். இத்துறைக்குத் தெற்கே, கனகராயன் ஆற்றைத் தேக்கிய இரணைமடுக் குளத்தின் நீரால் பரந்தன், கிளிநொச்சி வயல்கள் விளைகின்றன. வடக்கே குடாநாட்டில் கிணற்று நீரை நம்பிய தோட்டங்கள் உள்ளன. இருபுறத்துக் கமக்காரரையும் வாட்டிய கேள்வி ஒன்றே: ஆண்டுதோறும் விளைவைக் கொடுத்து இளைத்த மண்ணுக்கு எதனைத் திருப்பிக் கொடுப்பது?

நார்ப்பயிர்கள் எல்லாம் இதற்கு விடையாகா. நீலப் பூப் பூக்கும் ஆளி, கண்ணுக்கு இனியது. லினன் ஆடைக்கு நார் தருவது. ஆனால் அது நிலத்தை எரித்துவிடும் என உரோமக் கவிஞர் வேர்ஜில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் வேளாண்மைக் காவியத்திற் குறித்துள்ளார். நம்மவர் கயிறும் வலையும் முறுக்கிய சணலோ வேறு இயல்பினது. பயறு, உழுந்து ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த இச்செடி நிலத்துக்கு ஊட்டுவது.

குடாநாட்டில் நெல் அறுத்த வயலின் எஞ்சிய ஈரத்திற் சணல் விதைப்பது வழக்கம். சில வாரங்களில் வயல் முழுவதும் மஞ்சட் கம்பளம் விரித்தாற்போற் பூத்துவிடும். பசளைக்கென வளர்த்தவர் அவ்வழகிலே மயங்கி நிற்பதில்லை. தண்டு முற்றி நாராகுமுன், ஏறக்குறைய ஐம்பதாம் நாளளவில், அதனை மடக்கி உழுதுவிடுவர். இதுவே பசுந்தாட் பசளை.

இதன் காரணத்தை 1886 இல் ஜேர்மனிய அறிஞர் எல்றீகலும் வில்பாத்தும் விளக்கினர். இவ்வினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பற்றிச் செடிக்கு அளிக்கின்றன. எனினும் சணலுக்கும் எல்லையுண்டு. உவர் மண்ணிலும் நீர் தேங்கும் பள்ளத்திலும் அது செழிக்காது. ஆனையிறவுக் கரையோரத்தில் நன்னீர் பாய்ந்து உவரைக் கழுவிய பின்னரே பசுந்தாளுக்கு இடமுண்டு.

1913 இல் ஜேர்மனியில், காற்றின் நைதரசனைக் கொண்டு தொழிற்சாலையிற் பசளைக்கான அமோனியா ஆக்கத் தொடங்கினர். காலப்போக்கில் மூட்டையில் வந்த பசளை பல வயல்களிற் சணலின் இடத்தைப் பிடித்தது. 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது, வயல்கள் அதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது; அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது.

ஆணை ஒரு நாளிற் பிறக்கும். பசுந்தாளுக்கோ விதையும் ஈரமும் ஐம்பது நாளும் வேண்டும். ஆண்டுதோறும் ஒரு மூலையிலேனும் சணல் விதைத்து, அதன் விதையையும் பேணி வைத்தவனே பசளை வாராத ஆண்டிலும் தன் நிலத்துக்கு ஏதேனும் கொடுக்க வல்லவன்.