உலாவுதலும் எல்லை நடத்தலும்

நடை இருவகைத்து. மனமகிழ்ச்சி கருதி நடப்பது உலாவுதல். நிலத்தின் வரையறை கருதி நடப்பது எல்லை நடத்தல். முன்னது நடப்பவர்க்கே பயன் தரும். பின்னது பின்வரும் தலைமுறைக்கும் பயன் தரும். இப் பின்னதன் வரலாறு நமக்கு அணித்தேயுள்ளது.

அம்பத்தூர், ஆவடி வழியே மேற்கே செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே திருவாலங்காடு விளங்குகின்றது. 1905ஆம் ஆண்டில் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடு 31 இதழ்களையுடையது. முதலாம் இராசேந்திர சோழன் தனது 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவர்க்கு அளித்ததை அது கூறுகின்றது. அரசனது ஓலை வந்ததும் நாட்டார் அதனைத் தலைமேற்கொண்டனர். பிடியொன்றை, அஃதாவது பெண்யானையை, நடத்தி எல்லையைச் சூழ வந்தனர். கல்லும் கள்ளியும் நாட்டினர். எல்லைகளைத் திசைதோறும் விரித்தெழுதினர்.

இத்துணை ஆரவாரம் எதற்கு? கல்லை இரவில் பெயர்த்துவிடலாம். ஓலையைச் செல் அரித்துவிடும். யானை சென்ற வழியையோ ஊரார் அனைவரும் கண்டனர். கண்டவர் பலராயின் பொய் நில்லாது.

பிற்காலத்தே யானை மறைந்தது, நடை மறையவில்லை. எல்லை வழக்கு நேர்ந்த சிற்றூர்களில், வெட்டிமை செய்தவரைத் தலையில் நீர்க்குடத்தோடு நடக்கச் செய்து, அவர் சென்ற வழியையே எல்லையாகக் கொண்டனர் என்று 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேயர் எழுதிவைத்துள்ளனர். எல்லையை நன்கறிந்த அவருக்கோ அதற்குள் சொந்த நிலம் பெரும்பாலும் இல்லை. நிலமுடையோராய் வாழ்ந்த குடியினர் இதனை நாணத்தோடு நினைத்தல் வேண்டும்.

1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டமும், அளவையின்போது உரியவர் நேரில் வந்து எல்லையைக் காட்டுமாறு அறிவிப்பு விடுக்க வகை செய்கின்றது. ஆனால் இன்று, பட்டாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய நம்மவருள் மூலைக்கல் எங்கே என்று காட்டவல்லார் எத்துணைப் பேர்?

ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியைச் சூழ அமைத்த நடைபாதையில் காலையும் மாலையும் பலர் உலாவுகின்றனர். உடல்நலங் கருதி நடக்கும் அவர்கள், தாம் அறியாமலே அவ்வேரியின் எல்லைக்குச் சான்றாகின்றனர். நாள்தோறும் ஊரார் கண்பட்ட கரையை ஒருவர் கவர்ந்துகொள்ளுதல் எளிதன்று. இங்கே உலாவுதலும் எல்லை நடத்தலும் ஒன்றாகிவிட்டன.

ஆதலின் அன்பர்களே, அடுத்த விடுமுறை நாளில் மக்களையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, உங்கள் நிலத்தையும் ஊர் ஏரியையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். கல் நின்ற இடத்தைக் கைதொட்டுக் காட்டுங்கள். அடுத்த நிலத்தாரையும் உடன் அழையுங்கள். நம் எல்லையை அறிதல், பிறர் எல்லையைக் கடவாமைக்கும் ஆகும்.