உயர்ந்துபோன தந்திகள்

வாப்பாவின் சினேகிதர் ஒருவர் விட்டுச்சென்ற கிற்றார் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் முப்பது வருடங்களாகக் கிடந்தது. மேற்பலகை தட்டையாக இல்லாமல், வயலினைப் போல மேடாகச் செதுக்கப்பட்ட பழைய வகை. சென்ற வருடம் இறக்கிப் பார்த்தேன். நுரைச்சோலையின் உப்புக் காற்று முறுக்காணிகளைத் தின்றிருந்தது. கழுத்தடியில் ஒட்டு வெடித்து, கழுத்து முன்னே சாய்ந்து, விரலால் அழுத்த முடியாத உயரத்தில் தந்திகள் நின்றன. "கழுத்தக் கழட்டித் திரும்ப ஒட்டணும் சேர்" என்றார் தச்சர்.

இதே உயரத்தை வேண்டுமென்றே செய்துகொண்ட ஒருவர் இருந்தார்.

இவ்வகை வாத்தியம் அமெரிக்காவின் கலமசூ நகரில் உருவானது. மேற்பலகையைச் செதுக்கியெடுக்கும் முறைக்கு ஓர்வில் கிப்சன் 1898இல் காப்புரிமை பெற்றார். 1922இல் வந்த 'எல்-5' கிற்றாரில், வட்டத் துளைக்குப் பதிலாக வயலினின் 'எஃப்' துளைகள் இடம்பெற்றன. இதில் தந்திகள் மேற்பலகையில் கட்டப்படுவதில்லை. அடிப்புறத்து உலோகத் துண்டில் மாட்டி, ஒட்டப்படாத குதிரையின் மேலேறிக் கழுத்துக்குச் செல்கின்றன. தந்தியின் இழுவை கீழ்நோக்கிய அழுத்தமாக மாற, பலகையின் வளைவு அதைச் சுமக்கிறது. கூடுதல் தந்திகளையும் தாங்கக்கூடிய உடல்.

கிற்றாரைப் படுக்கவைத்து உருக்குக் கோலால் தந்தியை வருடும் ஹவாய்த் தீவு முறை கல்கத்தாவில் வேரூன்றியதில், 1940களில் அங்கு தங்கியிருந்த ஹவாய்க் கலைஞர் டாவ் மோவுக்குப் பங்குண்டு. பின்னர் அது இந்தித் திரைப்பாட்டுக்குள் புகுந்தது. அதைச் செவ்வியல் இசைக்குக் கொண்டுபோனவர், 1937இல் ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா. சரோத் மேதை அலி அக்பர் கானின் மாணவர். கழுத்தின் உலோகக் கட்டைகள் சுரங்களைப் படிப்படியாக வெட்டிவிடும். இராகமோ ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்வது. எனவே அவர் 'கிப்சன் சூப்பர் 400' ஒன்றை எடுத்து, கழுத்து முனையின் தாங்கியை உயர்த்தித் தந்திகளை மேலே தூக்கினார். சுருதித் தந்தியும் சேர்த்தார். 1934இல் 400 டொலர் விலையோடு அறிமுகமான வகை அது! பழைய கிற்றார் சேகரிப்போர் இதைக் கேட்டால் நெஞ்சில் கைவைப்பார்கள். ஆனால் 1967இல் ஷிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு அவர் சேர்ந்து வாசித்த 'கோல் ஒஃப் த வெலி' இசைத்தட்டைக் கேட்டவர்கள் அந்தக் கிற்றார் பாழானது என்று சொல்லமாட்டார்கள்.

விஸ்வ மோகன் பட் மேலும் போனார். அவருடைய மோகன வீணையில் இருபது தந்திகள்: இசைக்க மூன்று, சுருதிக்கு ஐந்து, தாமாக அதிரப் பன்னிரண்டு. ராய் கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்கு 1994இல் கிராமி விருதும் கிடைத்தது. எண்ணிக்கையைக் கண்டு நாம் வியக்கிறோம். எனக்கென்னவோ, தந்தியைத் தூக்கிய அந்த முதல் துணிச்சல்தான் பெரிது.

தச்சரிடம் ஒட்டை மட்டும் இறுக்கச் சொன்னேன், உயரத்தைக் குறைக்க வேண்டாமென்றேன். "அப்ப விரல் எப்படி எட்டும்?" என்றார். வள்ள எஞ்சினிலிருந்து கழன்ற ஓர் உருக்குக் குழாய்த் துண்டைத் தந்திமேல் வைத்து இழுத்துக் காட்டினேன். சுருதி சேரவில்லை. ஆனாலும் மனுசன் உளியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொருமுறை இழுக்கச் சொன்னார்.