அரண்மனை உப்பும் ஆண்டவர் உப்பும்

உப்பிடுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உள. மீனைக் கீறி உப்பிட்டால் கருவாடாகும்; மாங்காயை உப்பிட்டால் பரணியில் மாதக்கணக்கில் கெடாது கிடக்கும். மனிதருக்கு உப்பிட்டாலோ, அவருக்குச் சோறிட்டதாகப் பொருள். உப்பைத் தின்றவர் இட்டவருக்குக் கடன்பட்டவர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனைவிடக் கீழானவன் நம் ஊர்ப் பேச்சில் இல்லை.

திருவிவிலியமும் இவ்விரு பொருளையும் அறியும். பிறந்த குழந்தையின் உடலில் உப்புத் தேய்ப்பதை எசேக்கியேல் குறிக்கிறார். எலிசா உப்பிட்டு எரிகோவின் தண்ணீரை நலமாக்கினார். அபிமெலக்கோ செக்கேம் நகரை இடித்து அதன்மேல் உப்பைத் தூவினான். காணிக்கை ஒவ்வொன்றிலும் உப்பு சேர வேண்டும் என்பது லேவியர் நூலின் கட்டளை. எனினும் என்னை நெடுநேரம் நிறுத்தியது எஸ்ரா நூலின் நான்காம் அதிகாரமே. பாரசீக மன்னருக்கு முறையீடு எழுதும் அதிகாரிகள், தாங்கள் அரண்மனையின் உப்பை உண்பவர்கள் என்று அங்கே தங்களை அறிமுகம் செய்துகொள்கிறார்கள். மூல மொழியான அரமேயத்தில் அப்படித்தான் உள்ளது. நமக்கு விளக்கவுரை வேண்டாத வரி அது.

அரண்மனை உப்பு என்றதும் என் நினைவு நட்டாலத்துக்குச் செல்கிறது. 1712 இல் அங்கே பிறந்த நீலகண்டப் பிள்ளை, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பணியாளர். 1741 இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய், துயருற்றிருந்த பிள்ளைக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. (உப்பில்லாத உணவை எப்படி உண்பது என்று கேட்டவரும் அந்த யோபுதான்.) 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியின் கையால் பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அன்றைய உரோமைச் சடங்குமுறையில், திருமுழுக்குக்கு வருபவரின் நாவில், ஞானத்தின் உப்பு என்று சொல்லிக் குரு சிறிது உப்பு வைப்பார். தமிழகத்தில் இது சிறிய செய்தியாக இருக்கவில்லை. உப்பு, உமிழ்நீர், ஊதுதல் ஆகியவற்றை இங்குள்ள மறைப்பணியாளர் சிலர் தவிர்த்து வந்தனர். திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704 இல் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, இம்மூன்றையும் பெயர் சொல்லி, விடக்கூடாது என்றது. அதைக் கடைப்பிடிப்பதாகக் குருக்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1739 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் விதித்தார். எச்சில் இங்கே அருவருப்புக்குரியது என்பதால் உமிழ்நீரைத் தவிர்த்தது எளிதில் விளங்கும். உப்பை ஏன்? யார் கையிலிருந்து எதை வாங்கி உண்பது என்பதில் சாதி கண் கொட்டாமல் விழித்திருந்த நாட்டில், அந்நியர் கை உப்பை நாவில் ஏற்பது பெரிய அடியெடுப்பாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அவ்விதிப்படி தேவசகாயத்தின் நாவிலும் உப்பு வைக்கப்பட்டிருக்க வேண்டும். அன்று முதல் அவர் இரண்டு உப்புக்குக் கடன்பட்டவர். 1749 இல் சிறைப்பட்டார். அரசத் துரோகம் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. மன்னரின் உப்பைத் தின்றவன் மாறிவிட்டான் என்பதே அக்குற்றச்சாட்டின் ஊர்மொழி. அதை அலட்சியமாக ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. நம் முன்னோர் நன்றியை அப்படித்தான் அளந்தார்கள். ஆனால் அவர் மன்னருக்கு எதிராகக் கையோங்கவில்லை. மன்னரின் கடவுளர்க்கு முன் தலைவணங்க மறுத்தார், அவ்வளவே. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றதையும், காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்ததையும் மக்கள் இன்றும் சொல்வர். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 இல் திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தது.

1969 இல் வெளிவந்த குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் உப்பு இல்லை. குருவான நாள் முதல் நான் எந்தக் குழந்தையின் நாவிலும் அதை வைத்ததில்லை. தீர்த்தம் மந்திரிக்கையில் விரும்பினால் சேர்க்கலாம் என்ற அளவில் அது நின்றுவிட்டது. எங்கள் மக்களோ குருசடிகளில் உப்பும் மிளகும் கொண்டுவந்து கொட்டுவதை விடவில்லை. ஏன் என்று கேட்டால், “நேர்ச்சை, ஃபாதர்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.