ஆள் குறைந்த போக்கர் மேசையில் அதிரடி ஆட்டம்: லாபம் வருமா?

தீபாவளி இரவில் விருந்து முடிந்ததும் பாய் விரித்துச் சீட்டுக்கட்டை எடுக்கும் பழக்கம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இன்னும் இருக்கிறது. பெரியவர்களுக்கு ரம்மி, மூணு சீட்டு. இளையோர் பலருக்கு இப்போது போக்கர். அந்த வட்டத்தில் ஒருவர் இருப்பார். என்ன சீட்டு வந்தாலும் பந்தயத்தை ஏற்றுவார். மற்றவர்கள் பயந்து சீட்டைப் போட்டுவிடுவார்கள். "ஆள் குறைவாக இருந்தால் இப்படி ஆடினால்தான் காசு" என்பார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் பலருடைய பணத்தைக் கரைக்கிறது.

ஆட்டம் எப்படி?

அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகள் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று எனத் திறக்கப்படும். நான்கு முறை பந்தயம் நடக்கும். மொத்தம் உள்ள ஏழில் சிறந்த ஐந்தே ஒருவருடைய கை.

சீட்டு பார்ப்பதற்கு முன்பே இருவர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் சிறிய பிளைண்ட், பெரிய பிளைண்ட். இந்தக் கடமை சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வரும். முழு மேசையில் ஒன்பது அல்லது பத்துப் பேர். ஆறு பேரும் அதற்குக் கீழும் இருந்தால் அது ஆள் குறைந்த மேசை.

ஆள் குறைந்தால் என்ன மாறும்?

பிளைண்ட் 1 வெள்ளி, 2 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஒருவர் கட்டுவது 3 வெள்ளி. ஒன்பது பேர் இருந்தால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 33 காசு. ஆறு பேர் என்றால் 50 காசு. மூவரே இருந்தால் 1 வெள்ளி.

இரண்டு ஏஸ் கைக்கு வருவது 221 ஆட்டத்தில் சராசரியாக ஒரு முறை. அதற்காகக் கையைக் கட்டிக் காத்திருந்தால், ஒன்பது பேர் மேசையில் 74 வெள்ளி போகும். மூவர் மேசையில் 221 வெள்ளி போகும். ஆள் குறையக் குறைய, நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பதன் விலை ஏறுகிறது.

இன்னொரு மாற்றமும் உண்டு. முதல் பத்து விழுக்காட்டுக்குள் வரும் நல்ல கை எதிரே யாரிடமாவது இருக்கும் வாய்ப்பு, எட்டு எதிராளிகள் இருக்கும்போது நூற்றுக்கு ஏறக்குறைய 57. ஐந்து பேர் என்றால் 41. இருவர் என்றால் 19 மட்டுமே. ஜோடியாக இல்லாத இரண்டு சீட்டுகளை வைத்திருப்பவருக்கு, முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் மூன்றில் இரண்டு முறை ஜோடிகூடச் சேராது. பெரும்பாலான நேரம் யாரிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் துணிந்து பணம் போடுபவர் மேசையில் உள்ளதை அள்ளிக்கொள்கிறார். அதிரடிக்காரர் சொல்வதில் உள்ள உண்மை இதுதான்.

பயமுறுத்தலுக்கும் கணக்கு உண்டு

அதே மேசையில் 3 வெள்ளி பிளைண்டை எடுக்க, ஒருவர் 5 வெள்ளிக்கு ஏற்றுகிறார். வென்றால் 3 வரவு. மாட்டினால் 5 செலவு என்று எளிமையாகக் கொள்வோம். பத்தில் ஏழு முறை மற்றவர்கள் விலகினால் 6 வெள்ளி லாபம். ஆறு முறைதான் விலகினால் 2 வெள்ளி நட்டம். எல்லைக் கோடு நூற்றுக்கு 62.5.

பிளைண்ட் கட்டிய இருவரும் தலா பத்துக்கு எட்டு முறை விலகுபவர்கள் என்றால், இருவரும் சேர்ந்து விலகுவது நூற்றுக்கு 64 முறை. அப்போது எந்தச் சீட்டை வைத்து ஏற்றினாலும் கணக்கு தேறும். அவர்கள் பத்துக்கு ஏழு முறை மட்டும் விலகத் தொடங்கினால் அது 49 ஆக இறங்கும். அதே செயல் இப்போது நட்டம். லாபமும் நட்டமும் எதிராளியின் பயத்தைப் பொறுத்தே இருந்தன.

அதிரடி எங்கே உடைகிறது?

எப்போதும் ஏற்றுபவரை மேசை சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு ஒரு ஜோடி கிடைத்தாலே போதும், கடைசி வரை விடமாட்டார்கள். அந்த நேரம் பொய்ப் பந்தயத்தைத் தொடர்வது மிகவும் விலை உயர்ந்தது. மேசையில் 10 வெள்ளி இருக்கும்போது, மேசையில் உள்ள அளவுக்கே மூன்று முறை பந்தயம் கட்டினால் முதலில் 10, அடுத்து 30, பிறகு 90. முதலில் இருந்த 10 வெள்ளிக்காக 130 வெள்ளி ஆபத்தில் நிற்கிறது. சூதாட்ட விடுதியாக இருந்தால் ஒவ்வொரு மேசைப் பணத்திலும் விடுதிக்கு ஒரு பங்கு போகும். அதிகம் ஆடுபவர் அதிகம் கட்டுவார்.

ஒரு மாலை வென்றுவிட்டால் அது திறமைக்குச் சான்று ஆகாது. அதிரடி ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் பெரிது. வென்ற இரவுகள் நினைவில் நிற்கும், தோற்றவை மறந்துபோகும்.

விக்டர் புளோம் பார்த்த இரண்டு பக்கமும்

2009ஆம் ஆண்டு இணையத்தில் 'இசில்டர்1' என்ற பெயரில் ஒருவர் தோன்றினார். உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுடன் இருவர் மேசைகளில், ஒரே நேரத்தில் பல மேசைகளில், நிறுத்தாமல் தாக்கி ஆடினார். மில்லியன் கணக்கில் வென்றார். அந்த நவம்பரில் பேட்ரிக் அன்டோனியஸுடன் நடந்த ஓர் ஒமஹா ஆட்டத்தில் மேசைப் பணம் 13 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதை அன்டோனியஸ் வென்றார்.

டிசம்பர் 8ஆம் தேதி பிரையன் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரரிடம் சில மணி நேரத்தில் ஏறக்குறைய 42 லட்சம் டாலரை அவர் இழந்தார். ஹேஸ்டிங்ஸும் நண்பர்களும் அவருடைய பழைய ஆட்டப் பதிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்திருந்தது பின்னர் தெரியவந்து, அது முறையா என்ற சர்ச்சையும் எழுந்தது. அவர் 20 வயது சுவீடன் இளைஞர் விக்டர் புளோம் என்பது 2011 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. புரியாதவரை அவருடைய அதிரடி ஆயுதம். எதிராளி படித்துவிட்ட பிறகு அதுவே பலவீனம்.

கணினி தந்த பதில்

2019இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் உருவாக்கிய 'புளூரிபஸ்' என்ற கணினி நிரல், ஆறு பேர் மேசையில் ஐந்து தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 12 நாளில் 10,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. சிறிய பிளைண்டில் இருப்பவரைத் தவிர மற்றவர்கள், வெறுமனே சமன் செய்து உள்ளே நுழைவதைவிட ஏற்றுவதோ விலகுவதோ மேல் என்பதை அதன் ஆட்டமும் உறுதிப்படுத்தியது. ஆனால் அது எப்போதும் தாக்கவில்லை. ஒரே நிலையில் சில முறை ஏற்றும், சில முறை விலகும். அதனால் எதிரே இருப்பவர் எதையும் ஊகிக்க முடியவில்லை.

அத்தனை வலிமையான நிரலின் வெற்றி, 100 ஆட்டத்துக்குச் சராசரி ஏறக்குறைய 5 பெரிய பிளைண்ட். நம் 2 வெள்ளி மேசையில் அது 10 வெள்ளி.

மறக்கக்கூடாதவை

மலேசியாவில் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டப்படி அனுமதியற்ற சூதாட்ட இடத்தில் ஆடுவது குற்றம். சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தினரும் நண்பர்களும் நேரில் ஆடுவதை நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. உரிமம் இல்லாத இணையச் சூதாட்டத்தை அனுமதிப்பதில்லை. சூதாட்டம் கையை மீறியவர்களும் அவர்களது குடும்பத்தினரும் சிங்கப்பூரில் 1800-6-668-668 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

ஆகவே, ஆள் குறைந்த மேசையில் தாக்கி ஆடுவது சரி. கண்மூடித்தனமாகத் தாக்குவது, எதிரே பயந்தவர்கள் இருக்கும்வரை மட்டுமே காசு தரும். அந்தப் பயம் தெளிந்த பிறகும் "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று சம்பளப் பணத்தை எடுத்து வைப்பவரும், ஆலோங்கிடம் கை நீட்டுபவரும் போக்கர் ஆடவில்லை. அவர்கள் வீட்டின் அரிசிப் பணத்தைப் பந்தயம் கட்டுகிறார்கள்.